புனைபெயர் என்றால் மறைபெயரா?

சென்ற தவணையில் இந்தச் சஞ்சிகைக்கு ஒரு சிறுகதை கொடுத்தேன். கதையில் வரும் வீடு கொஞ்சம் எங்கள் வீட்டைப் போலவே இருந்ததால், என் பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். தமிழ் டீச்சர் மறுக்கவில்லை. “புனைபெயர் வைக்கிறதென்றால் வைங்க. அதுக்கு முதல் அந்தச் சொல்லுக்கு என்ன கருத்தென்று பார்த்துக்கொண்டு வாங்க” என்றார்.

பார்க்க என்ன இருக்கிறது, பொய்ப்பெயர்தானே என்று நினைத்தேன். ஆங்கிலத்தில் ‘சூடோனிம்’ என்பார்கள். கிரேக்கத்திலிருந்து வந்த அச்சொல்லின் முற்பகுதிக்குப் பொய் என்பதே பொருள். தமிழ்ச்சொல் அப்படியல்ல. புனைதல் என்றால் அழகுபடுத்தல், தொடுத்தல், ஆக்குதல். மாலை புனைகிறோம், கவி புனைகிறோம். நன்னூல், பாயிரத்துக்குத் தரும் பெயர்களுள் புனைந்துரையும் ஒன்று. ஆனால் வேடம் புனைவதும் இதே வினையால்தான். மறைத்தல் அந்த வாசலால்தான் உள்ளே வருகிறது. இல்லாததைச் சொன்னால் “புனைந்து பேசுகிறாள்” என்று ஏசுவதும் உண்டு.

உருதுக் கவிஞர்கள் புனைபெயரைத் ‘தகல்லுஸ்’ என்பர். அரபு மூலத்தில் அதற்கு விடுபடுதல் என்று கருத்து. மிர்ஸா அஸதுல்லாஹ் கான் என்றால் பலருக்குத் தெரியாது, ‘காலிப்’ என்றால் தெரியும். கஸலின் கடைசி ஈரடியில் அந்தப் பெயரைச் சொல்லியே முடிப்பார்கள். இது ஒளிவதல்ல, கையொப்பம். நமது நாட்டில் சின்னத்துரை, தன் ஊரான பெரியநீலாவணையை எடுத்து ‘நீலாவணன்’ ஆனதும் அப்படித்தான்.

மறைப்பதற்காகவே வைத்தவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் புரொன்டே சகோதரிகள் மூவரும் 1846இல் தம் கவிதைகளைக் கரர், எலிஸ், அக்டன் பெல் என்ற பெயர்களில் வெளியிட்டார்கள். பெண்ணென்று தெரிந்தால் எழுத்தை வேறு கண்ணால் பார்ப்பார்கள் என்பது அவர்களின் எண்ணம். எனக்குப் பிடித்தது என்னவென்றால், சார்லட், எமிலி, ஆன் என்ற சொந்தப் பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளை அவர்கள் விடவில்லை.

இதை வீட்டில் சொன்னபோது உம்மா சோற்றுப் பானையை இறக்கியபடி, “நானும் விடல்லதான்” என்றார்.

உம்மா குமரியாக இருந்தபோது வானொலிக்குக் கவிதை அனுப்பியிருக்கிறார். பெயர் வேறு, முதலெழுத்து மட்டும் தன்னுடையது. ஒருநாள் மூத்தவாப்பா பக்கத்திலிருக்க அது வாசிக்கப்பட்டதாம். “நல்லாத்தான் எழுதியிருக்கா, எந்த ஊர்ப் புள்ளையோ” என்றாராம். உம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாராம், நிமிரவில்லையாம். மூத்தவாப்பா மௌத்தாகும்வரை அவருக்குத் தெரியாது.

“ஏன் உம்மா சொல்லல்ல?”

“சொன்னா எழுத விடமாட்டாரோ என்று பயம். புறகு, சொல்லியிருக்கலாமே என்று கவலை.”

அந்தப் பெயரைக் கேட்டேன். சொன்னார். மாலை புனைவதுபோலவே அழகாகத்தான் கோத்திருந்தார்.

அடுத்த நாள் டீச்சரிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். “அப்ப கதைக்கு என்ன பெயர் போடுவம்?” என்று கேட்டார். ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். இக்கட்டுரைக்கு என் சொந்தப் பெயர் இருக்கிறது. கதையும் இவ்விதழில்தான் எங்கோ இருக்கிறது. உம்மா மட்டும் பெயரைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்.