ஊர்ச் சரித்திரமும் பஞ்சாயத்தின் கடமையும்

பஞ்சாயத்தின் சொத்துக்கள் யாவை என்று கேட்டால் ஏரி, குளம், சாலை, தெருவிளக்கு, குடிநீர்த் தொட்டி என்று அங்கத்தினர்கள் தயங்காமல் விடை கூறுவர். இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க வேறொரு சொத்தும் உண்டு. அஃது ஊரின் சரித்திரம். பழைய தீர்மானப் புத்தகங்களிலும், கணக்கேடுகளிலும், கல்வெட்டுகளிலும், ஓலைச்சுவடிகளிலும், முதியோர்களின் நினைவிலும் அது தங்கியிருக்கிறது. ஏரிக்கரை உடைந்தால் அன்றே ஊர் முழுவதும் அறிந்துகொள்ளும். ஏடு அழிந்தாலோ எவரும் அறிவதில்லை. அதன் தேவை நேரும் நாளில்தான் இழப்பின் அளவு தெரிய வருகிறது.

சரித்திரம் என்பது அரசர்களையும் போர்களையும் பற்றியது, உழவுத் தொழில் செய்வோருக்கு அதனால் பயனில்லை என்று எண்ணுவோர் நம்மிடையே பலர் உளர். இக்கருத்துச் சரியன்று. இன்ன மதகு இன்ன வயல்களுக்குப் பாயவேண்டும், இன்ன நிலம் மேய்ச்சலுக்கு விடப்பட்டது, இன்ன பாதை ஊருக்குப் பொது என்பன யாவும் ஊர்ச் சரித்திரமே. பொது இடத்துக்கு உரிமை கோரித் தனியொருவர் வரும்போது அவர் கையில் ஏதேனும் ஒரு காகிதம் இருக்கும். ஊரின் கையில் காகிதம் இராவிட்டால் ஊர் என்ன செய்ய இயலும்? ஆகவே, ஊர்ச் சரித்திரத்தைப் பேணுவது ஊரின் பொதுச் சொத்தைப் பேணுவதேயாகும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணக்குக் காட்டாதவர்க்கு இடமில்லை

காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள உத்திரமேரூரின் கல்வெட்டுகளைப் பற்றி அங்கத்தினர்கள் பலர் கேள்வியுற்றிருப்பர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-ம் ஆண்டிலும் 921-ம் ஆண்டிலும், அவ்வூர்ச் சபையார் குடவோலை முறையில் வாரியங்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை வகுத்துக் கல்லில் வெட்டி வைத்தனர். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்கு அங்கத்தினராக வருவோரின் வயது 35-க்கும் 70-க்கும் இடைப்பட்டதாக இருக்க வேண்டும் என்பது விதி.

அவ்விதிகளில் ஒன்று நமது பொருளுக்கு மிகவும் உரியது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற்போனவரும், அவருடைய நெருங்கிய உறவினரும், மீண்டும் குடவோலைக்குத் தகுதி பெறார். கணக்கை எழுதுவதும் அதைச் சபையின் முன் வைப்பதும் ஊராட்சியின் உயிர்நாடி என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே அவ்வூரார் உணர்ந்திருந்தனர் என்பது இதனால் விளங்கும். அவர்கள் கல்லில் எழுதி வைத்திராவிடில், அப்படி ஒரு சபை இருந்தது என்பதையே இன்று நாம் விவரமாக அறிந்திருக்க மாட்டோம்.

அக்கல்வெட்டின் மறுபக்கத்தையும் கவனித்தல் வேண்டும். சொந்த மனையும், வரி செலுத்தும் நிலமும், வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே அச்சபையில் இடம் இருந்தது. அவ்வூரில் ஏர் உழுதவர், மண் சுமந்து ஏரிக்கரை கட்டியவர், நாற்று நட்ட பெண்கள் ஆகியோரின் சொல் அங்கே எழுதப்படவில்லை. எழுதப்பட்டது மட்டுமே நிலைத்தது. இன்று நாம் ஊர்ச் சரித்திரம் எழுதப் புகும்போது இக்குறையை மீண்டும் செய்யலாகாது.

ஏடுகள் சிதறிய விதம்

நமது கிராமங்களில் நிலக்கணக்கும் பாசனக் கணக்கும் நெடுங்காலம் கர்ணத்தின் பொறுப்பில் இருந்தன. 1980-ம் ஆண்டில் பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகள் நீக்கப்பட்டு, பின்னர் கிராம நிர்வாக அலுவலர்கள் நியமிக்கப்பட்டனர். அதிகாரபூர்வமான பதிவேடுகள் அவர்கள் வசம் வந்தன. ஆயினும், பழைய கணக்குக் குடும்பங்களின் வீடுகளில் ஓலைக்கட்டுகளும், கையெழுத்துக் குறிப்புகளும், மராமத்து விவரங்களும் பரணில் கிடக்கும் ஊர்கள் இன்னும் உண்டு. வீடு இடித்துக் கட்டப்படும்போது இவை குப்பைக்கும் அடுப்புக்கும் போய்விடுகின்றன.

பஞ்சாயத்து ஏடுகளின் நிலையும் இதனின் மேம்பட்டதன்று. 1958-ம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டத்தின்கீழ் அமைந்த பஞ்சாயத்துகளில் பல சொந்தக் கட்டடம் இன்றித் தலைவர் வீட்டுத் திண்ணையிலேயே நடந்தன. தலைவர் மாறும்போது புத்தகங்களும் இடம் மாறின. 1994-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னர்க் காரியாலயங்கள் பெருகின. ஆனால், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இன்றித் தனி அலுவலர் பொறுப்பில் பஞ்சாயத்துகள் நடந்த காலங்களும் இடையிடையே நேர்ந்தன. கை மாறும் ஒவ்வொரு முறையும் சில புத்தகங்கள் வந்து சேருவதில்லை. மழை, கறையான், பழைய காகிதம் வாங்க வருவோர் ஆகிய மூவரும் எஞ்சியதைப் பங்கிட்டுக் கொள்கின்றனர்.

ஒரு பாதை தப்பிய வரலாறு

நாம் பணியாற்றிய ஒரு வட்டாரத்தில் நிகழ்ந்த செய்தி ஒன்றை இங்கே கூறுவது பொருத்தமாகும். ஓர் ஊரின் காலனி மக்கள் தங்கள் சுடுகாட்டுக்கு ஒரு பாதை வழியே ஐம்பது ஆண்டுகளாகச் சென்றுவந்தனர். ஒரு நாள் அப்பாதைக்குக் குறுக்கே முள்வேலி போடப்பட்டது. வேலியிட்டவரின் பட்டாவுக்குள்ளேதான் பாதை இருந்தது. அவருடைய பாட்டனாரே அதனை ஊருக்கு விட்டதாக முதியோர் கூறினர். அதற்கு ஆதாரம் கேட்டபோது விடையில்லை. பஞ்சாயத்துக் காரியாலயத்தில் பத்தாண்டுக்கு முற்பட்ட புத்தகம் ஒன்றேனும் இல்லை.

பலநாள் விசாரித்தபின், காலஞ்சென்ற பழைய எழுத்தர் ஒருவரின் வீட்டுப் பரணில் தகரப் பெட்டியொன்று கிடைத்தது. அதில் மூன்று தீர்மானப் புத்தகங்கள் இருந்தன. இரண்டைக் கறையான் முழுவதும் தின்றிருந்தது. மூன்றாவது புத்தகத்தில், 1967-ம் ஆண்டுக் கூட்டம் ஒன்றில், எட்டடி அகலப் பாதையை ஊருக்கு விட இசைவதாக அப்பாட்டனார் கூறிய செய்தியும், அதன்கீழ் அவருடைய கையெழுத்தும் இருந்தன. பேரனார் அப்பக்கத்தைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், “தாத்தா கையெழுத்துத்தான் ஐயா. அவர் கொடுத்ததை நான் பிடுங்கக் கூடாது” என்றார். அன்று மாலையே வேலி அகன்றது. அடுத்த மாதம் அந்நிலம் பஞ்சாயத்தின் பெயருக்குத் தானப் பத்திரமாகப் பதிவு செய்யப்பட்டது.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் பெறத்தக்கவை. முதலாவது, கறையான் மூன்றாவது புத்தகத்தையும் தின்றிருந்தால் அப்பாதை எளிதில் மீண்டிராது. இரண்டாவது, தீர்மானம் பத்திரம் ஆகாது. அசையாச் சொத்தைத் தானமாகத் தருவது பதிவு செய்யப்பட்ட பத்திரத்தின் மூலமே செல்லும் என்பது 1882-ம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் விதி. அப்பேரனார் நல்லவராயிருந்ததால் காரியம் முடிந்தது. நல்ல மனத்தை மட்டும் நம்பிப் பொதுச் சொத்தை வைத்திருப்பது முறையன்று. பழைய தீர்மானங்களைத் தேடிப் படித்து, பதிவு பெறாத தானங்கள் எவை என்று அறிந்து, கொடுத்தவரின் வாரிசுகள் இசைந்திருக்கும்போதே பத்திரம் பெறுவது பஞ்சாயத்துகள் உடனடியாகச் செய்யத்தக்க பணியாகும்.

எங்கே தேடுவது?

ஊருக்குள்ளே தேட வேண்டிய இடங்கள்: முன்னாள் தலைவர்கள், எழுத்தர்கள், கணக்குக் குடும்பங்கள் ஆகியோரின் வீடுகள், பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, கூட்டுறவுச் சங்கம், கோயில், மாதா கோயில், மசூதி ஆகியவற்றின் கணக்குகள், ஏரியின் மதகிலும் கலிங்கிலும் உள்ள எழுத்துக்கள், வயல்வெளியில் நிற்கும் நடுகற்கள்.

ஊருக்கு வெளியேயும் நமது ஊரைப் பற்றிய ஏடுகள் உண்டு. சென்னை எழும்பூரில் 1909-ம் ஆண்டு முதல் இயங்கிவரும் ஆவணக் காப்பகத்தில் நிலவரித் திட்டப் பதிவேடுகளும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இனாம் பதிவேடுகளும் உள்ளன. 1869-ம் ஆண்டில் தோன்றிய அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில், 1821-ம் ஆண்டில் காலமான காலின் மெக்கன்சி என்ற நில அளவை அதிகாரி ஊர்தோறும் ஆள் அனுப்பித் திரட்டிய கைபீதுகள் இருக்கின்றன. கல்வெட்டுக்கள் பற்றி மாநிலத் தொல்லியல் துறையினரைக் கேட்டறியலாம்.

ஊரை ஊராரே எழுதலாம் என்பதற்கும் முன்மாதிரி உண்டு. 1916-ம் ஆண்டளவில் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களைத் தத்தம் கிராமங்களுக்கு அனுப்பி விவரம் திரட்டச் செய்தார். தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, திருநெல்வேலியின் கங்கைகொண்டான் முதலிய ஊர்களின் நிலைமை 1918-ம் ஆண்டில் நூலாக வந்தது. இருபது ஆண்டுகளுக்குப் பின் அவ்வூர்கள் மறுபடியும் ஆராயப்பட்டன. ஒருமுறை ஒழுங்காக எழுதி வைத்ததனால், எது வளர்ந்தது, எது தேய்ந்தது என்று பின்வந்தோர் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

எழுதப்படாதவர்களின் செய்தி

ஏட்டில் இல்லாத சரித்திரம் முதியோரிடம் உள்ளது. அதனைக் கேட்டு எழுதுவதில் தாமதம் கூடாது. அவர்களோடு அது மறைந்துவிடும். ஏரிக்கு நீர் பாய்ச்சியவர், குடிமராமத்துக்கு வீட்டுக்கு ஓர் ஆள் அனுப்பியவர், பஞ்ச காலத்தில் கிழங்கு தோண்டி உண்டவர், வயலில் கூலிக்கு நின்றவர், முதன்முதலாகப் பள்ளிக்குச் சென்ற பெண் ஆகியோரைத் தேடிச் சென்று கேட்க வேண்டும். காலனியிலும் குடியிருப்புகளிலும் கேட்காமல் ஊர்த் தெருவில் மட்டும் கேட்டு எழுதுவது பாதிச் சரித்திரமே ஆகும்.

“எந்த ஆண்டு?” என்று கேட்டால் முதியோர் பலர் விடை கூற இயலாது திகைப்பர். அவர்கள் ஆண்டை நிகழ்ச்சிகளால் நினைவு கொள்கின்றனர். 1957-ம் ஆண்டில் அணா போய் நயாபைசா வந்ததற்கு முன்பா பின்பா, 1964-ம் ஆண்டில் தனுஷ்கோடியை அழித்த புயலுக்கு முன்பா பின்பா, 1982-ம் ஆண்டில் சத்துணவுத் திட்டம் வந்தபோது பிள்ளைக்கு வயது என்ன என்று கேட்டால் காலம் தெளிவுபடும். கைபேசியில் அவர்கள் பேச்சைப் பதிவு செய்யலாம். ஆனால் அவர்களின் இசைவைப் பெற்றே செய்ய வேண்டும். ஒருவரையொருவர் இழிவு செய்யும் செய்திகளை வெளியிடலாகாது. இருவர் இருவகையாகக் கூறினால் இரண்டையும் எழுதி, கூறியவர் யார் என்பதையும் குறித்தல் வேண்டும்.

பாதுகாக்கும் முறைகள்

1. ஏடுகளைத் தரையில் வைக்கலாகாது. சுவரை ஒட்டாமல் இரும்பு அலமாரியில் வைத்து, கறையான் உண்டா என்று அவ்வப்போது பார்த்தல் வேண்டும்.

2. நனைந்த காகிதத்தை வெயிலில் காயவைத்தல் கூடாது. நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்த வேண்டும். கிழிந்த தாள்களை ஒட்டும் நாடாவால் ஒட்டுவதும், பிளாஸ்டிக் உறையிட்டுச் சூட்டால் மூடுவதும் தீங்கு விளைவிக்கும்.

3. ஓலைச்சுவடியை மென்மையான தூரிகையால் தூசி நீக்கிப் பலகைகளுக்கிடையே கட்டி வைக்கலாம். அதற்கு மேற்பட்ட சிகிச்சையைத் தேர்ந்தவர்களிடமே விடுதல் நலம்.

4. கல்வெட்டின்மீது வர்ணமோ சுண்ணாம்போ பூசுவதும், சிமெண்டு அப்புவதும், மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்வதும் அறவே கூடாது. காலையிலோ மாலையிலோ சாய்வான வெயிலில் புகைப்படம் எடுத்தால் எழுத்துக்கள் நன்கு தெரியும். நடுகல்லை நின்ற இடத்தினின்று பெயர்த்தலாகாது.

5. குளம் தூர் வாரும்போதோ அடித்தளம் தோண்டும்போதோ பழம்பொருள் கிடைத்தால், 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி உடனே வருவாய் அதிகாரிகள் மூலம் கலெக்டருக்குத் தெரிவித்தல் வேண்டும்.

6. எந்தப் பதிவேட்டையும் விதிகளில் கூறிய காலத்துக்கு முன் அழித்தல் கூடாது. காலம் கடந்த தீர்மானப் புத்தகத்தையும் ஊரின் ஏடாகக் கருதிக் காப்பது நன்று.

பஞ்சாயத்து தொடங்க வேண்டிய பணி

இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. ஓர் அலமாரியும், ஒரு பதிவேடும், ஆர்வமுள்ள சிலரும் போதும். கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, ஓர் அங்கத்தினர், ஓர் ஆசிரியர், சுய உதவிக் குழுவைச் சேர்ந்த ஒருவர், முதியோர் ஒருவர், காலனியிலிருந்து ஒருவர் எனச் சிறு குழு அமைக்கலாம். கிடைக்கும் ஒவ்வோர் ஏட்டுக்கும் எண் இட்டு, அதன் காலம், பொருள், கொடுத்தவர் பெயர், வைத்திருக்கும் இடம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும். தனியார் குடும்ப ஏடுகளைக் கேட்டு வாங்கிப் பிரதி எடுத்துக்கொண்டு, மூலத்தை நன்றியுடன் திருப்பிக் கொடுப்பதே முறை. கட்டாயப்படுத்திப் பெற்றால் அடுத்த வீட்டுக் கதவு திறக்காது.

பிரதிகள் மூன்று இடங்களில் இருத்தல் நன்று: பஞ்சாயத்துக் காரியாலயம், பள்ளி அல்லது நூலகம், ஒன்றியக் காரியாலயம். கைபேசியில் எடுத்த படம் ஒருவர் பையில் இருக்கும்வரை அது ஊரின் ஏடாகாது. தலைவரோ செயலரோ மாறும்போது, பணக் கணக்கை ஒப்படைப்பதுபோல் இவ்வேடுகளின் பட்டியலையும் எண்ணிச் சரிபார்த்துக் கையெழுத்திட்டு ஒப்படைத்தல் வேண்டும்.

2022-ம் ஆண்டு முதல் நவம்பர் முதல் நாள் உள்ளாட்சிகள் தினமாகக் கொண்டாடப்பட்டு, அன்றும் கிராம சபை கூடுகிறது. அந்நாளில் பழைய தீர்மானம் ஒன்றை எடுத்து உரக்கப் படிப்பது நல்ல வழக்கமாகும். முப்பது ஆண்டுகளுக்கு முன் எவர் கிணறு வெட்டினார், எவர் நிலம் கொடுத்தார், எந்தப் பணி பேச்சோடு நின்றது என்பதை இளைஞர் அறிவர். தாம் இன்று எழுதும் தீர்மானமும் ஒரு நாள் இவ்வாறே படிக்கப்படும் என்ற எண்ணம் அங்கத்தினர்களுக்கும் உண்டாகும். அவ்வெண்ணம் உண்டானால், எழுதுவது தெளிவாகவும், செய்வது நேர்மையாகவும் அமையும். அடுத்த கூட்டத்துக்குச் செல்லுமுன், தத்தம் பஞ்சாயத்திலுள்ள மிகப் பழைய தீர்மானப் புத்தகம் எந்த ஆண்டினது, இப்போது எங்கே இருக்கிறது என்று ஒவ்வோர் அங்கத்தினரும் விசாரித்து அறிந்து வருவாராக.