நீருக்குத் திரும்பும் மீன்

நுழையும்முன்

பசி தீர்க்க மீன் பிடிப்பதன் நியாயம் எளிதில் விளங்கக்கூடியது. பிடித்த மீனை உண்ணாமல் மீண்டும் ஆற்றிலேயே விட்டுவிடும் வழக்கமும் உலகில் உண்டு. உயிரைக் காக்கும் செயலாகத் தோன்றும் அவ்வழக்கம், ஆறு வெப்பமடையும் கோடைநாளில் எவ்வாறு மாறிப்போகிறது என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

மலையாறும் ட்ரவுட் மீனும்

அமெரிக்காவின் வடமேற்கில் ராக்கி மலைத்தொடரைத் தழுவிக் கிடக்கும் மாநிலம் மொன்டானா. மலைமுகடுகளில் உறைந்த பனி, வேனிலில் உருகி மேடிசன், யெல்லோஸ்டோன், பிக்ஹோல் முதலிய ஆறுகளாகப் பாய்கிறது. தெளிந்து குளிர்ந்த அந்நீரில் வாழ்வது ட்ரவுட் என்னும் மீன். ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டு, அவலாஞ்சிப் பொரிப்பகத்தில் வளர்க்கப்பட்டதும் இக்குடும்பத்து மீனே.

இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிப் பூச்சியைப் போலக் கட்டிய போலி இரையைக் கொண்டு இம்மீனைப் பிடிப்பதற்காகப் பல நாடுகளிலிருந்தும் மக்கள் மொன்டானாவுக்கு வருகின்றனர். அவர்களுள் பலர் பிடித்த மீனைக் கூடையில் இடுவதில்லை. முள்ளைக் கழற்றி மீண்டும் நீரில் விட்டுவிடுகின்றனர். நம் ஊர்க் குளக்கரையில் தூண்டிலோடு அமர்ந்திருப்பவருக்கு இது விந்தையாகவே தோன்றும். ஆயினும் இவ்வழக்கத்திற்கு ஒரு வரலாறு உண்டு.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தூண்டில்காரர் பெருகினர். ஆறுகளில் மீன் அருகியது. விளையாட்டுக்காகப் பிடிக்கும் மீனை ஒருமுறையோடு இழந்துவிடலாகாது என்னும் கருத்தை லீ உல்ஃப் என்பவர் 1939இல் வெளியிட்ட தம் நூலில் வலியுறுத்தினார். பொரிப்பகங்களில் மீன்குஞ்சு வளர்த்து ஆறுகளில் விடுவதற்கு அரசுகள் பெருஞ்செலவு செய்துவந்த காலம் அது. மொன்டானா மாநிலமோ 1974இல் தன் ஆறுகளில் ட்ரவுட் குஞ்சுகளை விடுவதையே நிறுத்திக்கொண்டது. வளர்ப்பு மீன்களைக் கொண்டுவந்து விடுவதால் ஆற்றில் இயல்பாகப் பெருகும் மீன்கள் குறைகின்றன என மேடிசன் ஆற்றில் நடந்த ஆய்வு காட்டியதே அதற்குக் காரணம். அன்றுமுதல் அவ்வாறுகளில் இறக்கும் ஒவ்வொரு மீனுக்கும் ஈடு செய்யவேண்டியது ஆறே. பிடித்ததை விட்டுவிடுவது அங்கு நற்பண்பின் அடையாளமாகவே ஆயிற்று.

வெப்பநீரில் மூச்சு

விடுவிக்கப்பட்ட மீன் பிழைக்கிறதா? இவ்வினாவிற்கான விடை பெரும்பாலும் நீரின் வெப்பத்தில் இருக்கிறது.

நீர் சூடேறச் சூடேற அதில் கரைந்திருக்கும் உயிர்வளி குறைகிறது. கடல்மட்ட அளவில் 10 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 11 மில்லிகிராம் உயிர்வளி கரைந்திருக்க முடியும். 25 டிகிரியில் அது 8 மில்லிகிராம் அளவிற்குச் சுருங்கிவிடுகிறது. மீனின் உடல்வெப்பமோ சூழும் நீரின் வெப்பத்தைப் பின்பற்றுவது. நீர் சூடானால் அதன் உடலியக்கம் விரைவுபடுகிறது. உயிர்வளித் தேவையும் மிகுகிறது. கிடைப்பது குறையும் அதே வேளையில் தேவை கூடுகிறது என்பதே கோடையில் ட்ரவுட் படும் இடர். நீர்வெப்பம் 25 டிகிரியை ஒட்டி நீடித்தால், தூண்டில் தீண்டாத மீனுக்கே உயிர்வாழ்தல் அரிதாகிறது.

இந்நிலையில் முள்ளில் சிக்கிய மீன் தன் ஆற்றலையெல்லாம் திரட்டிப் போராடுகிறது. உயிர்வளியின் துணையின்றி வெடிப்புற இயங்கும் தசைகளே அப்போராட்டத்தில் பெரிதும் உழைக்கின்றன. தசையில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. குருதியின் அமிலத்தன்மை உயர்கிறது. இக்கடனைத் தீர்க்க மீனுக்குப் பல மணிநேர ஓய்வும் நிறைந்த உயிர்வளியும் வேண்டும். சூடான நீர் இரண்டாவதைத் தர மறுக்கிறது.

இதற்கு மேலும் ஒன்று நிகழ்கிறது. மீனைத் தூக்கிப் பிடித்து ஒளிப்படம் எடுத்துக்கொள்ளும் ஆசை யாரை விட்டது? நீரில் விரிந்து நிற்கும் செவுளின் மெல்லிய இழைகள் காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மூச்சிரைக்க ஓடி வந்தவரின் வாயையும் மூக்கையும் பொத்துவதற்கு ஒப்பான செயல் இது.

கனடாவில் ஃபெர்குசன், டஃப்ட்ஸ் என்னும் ஆய்வாளர் இருவர் 1992இல் வெளியிட்ட ஆய்வு இதனை எண்களால் காட்டுகிறது. வானவில் ட்ரவுட் மீன்களைக் களைத்துப்போகும் வரை நீரில் விரட்டினர். களைத்தபின் நீரிலேயே விடப்பட்டவற்றுள் 88 விழுக்காடு, 12 மணிநேரத்திற்குப் பின்னும் உயிரோடிருந்தன. களைத்தபின் 30 நொடி காற்றில் வைக்கப்பட்டவற்றுள் 62 விழுக்காடு பிழைத்தன. 60 நொடி வைக்கப்பட்டவற்றுள் எஞ்சியவை 28 விழுக்காடு மட்டுமே. ஆய்வுத் தொட்டியும் ஆறும் ஒன்றல்லதான். எனினும் ஓர் ஒளிப்படத்திற்குச் செலவாகும் நேரத்தின் விலையை இவ்வெண்கள் உணர்த்திவிடுகின்றன.

விடுவிக்கப்பட்ட மீன் வாலை வீசி ஆழத்திற்குச் செல்வதைக் கண்டு மகிழ்ந்து கரையேறுகிறார் தூண்டில்காரர். மாலையில் ஏதோ ஒரு பாறையடியில் அது மடிந்து கிடப்பதை அவர் காண்பதில்லை. வஞ்சகம் ஏதும் அவர் நெஞ்சில் இல்லை. ஆயினும் காணாத விளைவுக்கும் அவரே பொறுப்பு என்பதை மறுக்க இயலாது.

கணக்கில் வராத சாவு

உண்பதற்காகப் பிடிப்பவருக்கு நாளொன்றுக்கு இத்தனை மீன் என வரம்பு உண்டு. அவ்வெண்ணிக்கையை அடைந்ததும் அவர் தூண்டிலைச் சுருட்டியாக வேண்டும். விட்டுவிடுபவரை அவ்வரம்பு தடுப்பதில்லை. அவர் ஒரு நாளில் முப்பது மீன்களைப் பிடித்து விடுவதாகக் கொள்வோம். குளிர்ந்த நீரில் அவற்றுள் ஒன்றிரண்டு இறக்கலாம். சூடான நீரில் மூன்றில் ஒன்று இறந்தால் பத்து மீன்கள் மாண்டுபோகும். இரண்டு மீன்களை வீட்டுக்கு எடுத்துச் சென்று உண்டவரைவிட, ஒன்றையும் உண்ணாதவர் ஆற்றுக்கு மிகுதியான இழப்பைத் தந்தவர் ஆவார். அந்தப் பத்தும் எவர் கணக்கிலும் ஏறுவதில்லை. ‘விட்டுவிட்டேன்’ என்னும் நிறைவு மேலும் மேலும் பிடிக்கத் தூண்டும் உரிமைச்சீட்டாகிவிடும் இடம் இதுவே.

இதனை உணர்ந்தே மொன்டானா அரசு ஒரு விதியை வகுத்தது. நீரின் உச்ச வெப்பம் தொடர்ந்து மூன்று நாள்கள் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது ஏறத்தாழ 23 டிகிரி செல்சியஸை எட்டினால், அப்பகுதியில் பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை தூண்டிலிடத் தடை விதிக்கப்படலாம். வெயில் தணிந்த மாலையில் ஏன் தடை எனக் கேட்கத் தோன்றும். காற்றைப்போல் நீர் விரைந்து குளிர்வதில்லை. பகலெல்லாம் பெற்ற வெப்பத்தை ஆறு மாலையிலும் சுமந்துகொண்டே ஓடுகிறது. இரவு முழுதும் ஆறி, விடியற்காலையில்தான் மிகக் குளிர்ந்த நிலையை அடைகிறது. கரையில் நிற்பவரின் உடலுக்கு இதமான பொழுதும் மீனுக்கு இதமான பொழுதும் வேறுவேறு.

தெரியுமா?
இத்தடையை மொன்டானா மக்கள் ‘ஆந்தைத் தடை’ என்னும் பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். கோடையில் காட்டுத்தீ அச்சத்தால் மரம்வெட்டும் தொழிலாளர்கள், ஆந்தை அலறும் வைகறைப் பொழுதிலேயே வேலையைத் தொடங்கி முடித்துவிடுவர். அவ்வழக்கத்திலிருந்து பிறந்த பெயர் இது.

ஆறு மூடப்பட்டபோது

2016ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் யெல்லோஸ்டோன் ஆற்றில் ஆயிரக்கணக்கான வெண்மீன்கள் செத்து மிதந்தன. சிறுநீரகத்தைத் தாக்கும் ஒட்டுண்ணி நோயே காரணம் எனக் கண்டறியப்பட்டது. நீர் குறைந்து சூடேறிய கோடை, நோயின் கொடுமையைப் பெருக்கியது. அரசு ஆற்றின் 183 மைல் நீளத்தை, அதாவது ஏறத்தாழ 295 கிலோமீட்டரை, அடியோடு மூடியது. தூண்டிலிடுதல், படகு விடுதல், நீந்துதல் அனைத்தும் தடுக்கப்பட்டன. சுற்றுலாப் பயணியர் திரளும் மாதம் அது. வழிகாட்டிகளும் படகுக்காரர்களும் தூண்டில் கடைக்காரர்களும் ஒரே நாளில் வருவாய் இழந்து நின்றனர். அடுத்து வந்த வாரங்களில்தான் ஆறு பகுதி பகுதியாகத் திறக்கப்பட்டது.

ஆற்றின் நலத்திற்காகப் பிழைப்பை இழப்பவரின் குரலையும் கேட்கவேண்டும். தூண்டிலை மட்டும் தடுத்தால் போதுமா, ஆற்றுநீரைப் பாசனத்திற்கு எடுப்பதால் நீர் வற்றிச் சூடேறவில்லையா என அவர்கள் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். பிக்ஹோல் ஆற்றங்கரையினர் இதற்கு ஒரு விடை கண்டனர். உழவரும் தூண்டில்காரரும் பிறரும் 1995இல் ஒரு குழுவாகக் கூடினர். வறட்சியில் ஆற்றுநீர் குறிப்பிட்ட அளவிற்குக் கீழ் இறங்கும்போது உழவர் தாமாகவே பாசனநீரைக் குறைத்துக்கொள்வதும், தூண்டில்காரர் ஆற்றைவிட்டு விலகுவதும் ஒரே ஏற்பாட்டின் இரு கூறுகளாயின.

நோக்கமும் விளைவும்

உண்ணும் நோக்கமே இன்றி ஓர் உயிரைத் துன்புறுத்துவது தகுமா என்னும் வினா இன்னும் ஆழமானது. விட்டுவிடுவதற்காகவே மீன் பிடிப்பதைச் சுவிட்சர்லாந்து நாட்டின் 2008ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு விதிகள் தடைசெய்கின்றன. ட்ரவுட் மீனின் முகத்தில், காயத்தை உணரும் நரம்பு முனைகள் இருப்பதை லின் ஸ்னெடனும் உடனாய்வாளரும் 2003இல் வெளியிட்டனர். அது நாம் உணரும் வலியே ஆகுமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

மறுபக்கத்தில் நம் காவிரியே சான்றாக நிற்கிறது. கர்நாடகக் காவிரிக்கரை முகாம்களில் மகசீர் மீனைப் பிடித்து விட்டவர்கள், 1998 முதல் 2012 வரை குறித்துவைத்த ஏடுகளே, காவிரிக்கே உரிய கூன்முதுகு மகசீர் அழிந்துவருவதை அறிவியலாருக்கு உணர்த்தின. 2018இல் அம்மீன் மிக அருகிவரும் இனமாக அறிவிக்கப்பட்டது. ஆற்றங்கரைக்கு நாள்தோறும் வருபவரே ஆற்றின் நோயை முதலில் அறிகின்றனர். அவர்களை முற்றிலும் விலக்கிவிட்டால் ஆறு தன் காவலரையும் இழக்கக்கூடும்.

எனவே மொன்டானாவின் பொறுப்புள்ள தூண்டில்காரர் பலர், சட்டம் தடுக்கும்வரை காத்திருப்பதில்லை. சட்டைப்பையில் வெப்பமானி ஒன்றை வைத்திருக்கின்றனர். கரையை அடைந்ததும் முதலில் அதனையே நீரில் அமிழ்த்துகின்றனர். 20 டிகிரியைக் காட்டினால் அன்றைய தூண்டில் உறையைவிட்டு வெளிவருவதில்லை. குளிர்ந்த காலைப்பொழுதிலும் மீனை நெடுநேரம் ஓடவிட்டு விளையாடாமல் விரைந்து இழுக்கின்றனர். கையை நனைத்துக்கொண்டு, மீனை நீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றுகின்றனர். நெடுந்தொலைவு பயணம் செய்து, பணம் செலுத்தி உரிமம் பெற்று வந்தவர், பிற்பகலில் மீன் துள்ளும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு கரையிலேயே அமர்ந்திருக்கிறார்.

கற்பவை கற்றபின்

1. நீர்நிலையின் வெப்பத்தைக் காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளைகளில் அளந்து, காற்றின் வெப்பத்தோடு ஒப்பிட்டு அட்டவணைப்படுத்துக.

2. ‘உண்பதற்காக இரண்டு மீன்களைப் பிடித்தவர், முப்பது மீன்களைப் பிடித்து விட்டவர் – இவருள் ஆற்றுக்கு உற்றவர் யார்?’ என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.