இந்த மாதப் பாடம்: அரசுப் பள்ளிக்கூடமும் நம்ம குழுவும்



மே, ஜூன் மாதங்களில் குழுக்களின் தீர்மான நோட்டைப் புரட்டினால் உள்கடன் கேட்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ்". மாடு வாங்க, கடை போட என்று வாங்கின கடன் திரும்ப வருமானம் தரும். பீஸுக்கு வாங்கின கடனுக்கு அடுத்த ஜூனில் இன்னொரு கடன்தான் வரும். நம் புதுச்சேரியில் தனியார் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள்தான் அதிகம். அது தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் கடன் வாங்கும் முன்னால் நம்ம ஊர் அரசுப் பள்ளியில் இப்போது என்ன நடக்கிறது என்று எத்தனை பேர் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறோம்? இந்த மாதம் அதைப் படிப்போம்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போடுவதை எங்கேயோ புதுசாகக் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் 1930-லேயே புதுச்சேரியில் அது ஆரம்பித்தது. காலையில் பால், பிஸ்கட் கொடுப்பது 2002-ல் வந்தது. பக்கத்துத் தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15-ம் தேதி மதுரையில் காலைச் சாப்பாட்டுத் திட்டம் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் விரிந்தது. அங்கே சமைப்பது யார் தெரியுமா? நம்மைப் போன்ற மகளிர் குழுப் பெண்கள்தான். அதே பள்ளியில் பிள்ளை படிக்கிற அம்மாக்களைத் தேர்ந்தெடுத்து அடுப்படியை ஒப்படைத்தார்கள். அம்மா சமைக்கிற பள்ளிக்கூடத்தில் உப்பு கூடக் குறைய இருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும், அதுதான் அதில் உள்ள நன்மை.

பாடத்திட்டமும் மாறிவிட்டது. நமக்கென்று தனி போர்டு இல்லாததால் புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகளில் தமிழ்நாட்டுப் பாடப் புத்தகம்தான் இருந்தது. 2014-15-ல் ஒன்றாம் வகுப்பிலிருந்து சி.பி.எஸ்.இ. வர ஆரம்பித்து, 2024-25-ல் எல்லா வகுப்புக்கும் வந்துவிட்டது. முதல் தடவையாக நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் 2025-ல் பத்தாவது, பன்னிரண்டாவது பரீட்சையை அந்த முறையில் எழுதினார்கள். மடுகரையைச் சுற்றி விழுப்புரம் மாவட்டத்து ஊர்கள். சிறுவந்தாட்டில் இருக்கும் சித்தி மகளுக்கு ஒரு புத்தகம், நம்ம பிள்ளைக்கு வேறு புத்தகம். அதனால் "அவ அக்காகிட்ட பழைய புத்தகத்தை வாங்கிப் படிச்சுக்கோ" என்று சொல்வது இனிமேல் உதவாது.

இதில் படிப்பறிவு இல்லாத அம்மாவும் கவனிக்க வேண்டியது இரண்டு உண்டு. ஒன்று, வருகை. பத்தாவது, பன்னிரண்டாவது பொதுத்தேர்வு எழுத 75 சதவீத நாள் பள்ளிக்கு வந்திருக்க வேண்டும். 200 நாள் பள்ளி நடந்தால் 150 நாளாவது பிள்ளை போயிருக்கணும். உடம்பு சரியில்லாமல் நாள் குறைந்தால் மருத்துவச் சான்று வேண்டும். நடவு நேரத்தில் தம்பியைப் பார்த்துக்க, காதுகுத்துக்கு நாலு நாள், பாட்டி வீட்டுத் திருவிழாவுக்கு ஒரு வாரம், பெரியவளானதும் பதினஞ்சு நாள் என்று நிறுத்துவது யாரை? பெரும்பாலும் பெண் பிள்ளையைத்தான். தனித்தனியாகப் பார்த்தால் சின்ன லீவு. கூட்டிப் பார்த்தால் பரீட்சை எழுத முடியாது. பத்தாவது எழுதாமல் நின்ற பெண்ணுக்கு வீட்டில் அடுத்த பேச்சு கல்யாணப் பேச்சுதான் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இரண்டு, நோட்டு. பத்தாவதில் ஒவ்வொரு பாடத்திலும் 80 மார்க் எழுத்துத் தேர்வு, 20 மார்க் பள்ளியிலேயே போடுவது. வருஷம் முழுக்க நடக்கும் சின்னத் தேர்வு, செய்முறை, பிள்ளை செய்து சேர்த்து வைத்த வேலை எல்லாம் அதில் சேரும். உங்களுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராமல் இருக்கலாம். பக்கம் காலியாக இருக்கிறதா, ஆசிரியர் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்று பார்க்கக் கண் போதும். 2026 முதல் பத்தாவதுக்கு வருஷத்தில் இரண்டு தேர்வு வந்திருக்கிறது. முதல் தேர்வை எல்லோரும் கட்டாயம் எழுத வேண்டும். மார்க்கைக் கூட்டிக்கொள்ள நினைத்தால் மூன்று பாடம் வரை இரண்டாவது தடவை எழுதலாம்.

இன்னொரு செய்தி. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-ல் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கொடுத்தார்கள். புதுச்சேரியில் 2023-ல் 10 சதவீதம் வந்தது. நம்ம கிராமத்துப் பிள்ளை டாக்டருக்குப் படிக்கலாம் என்பது வெறும் பேச்சாக இல்லாமல் ஆனது இதனால்தான்.

சரி, புத்தகம், சோறு, சீட்டு எல்லாம் வந்தது. பிள்ளை பயமில்லாமல் போகிறதா? என்னைக் கேட்டால் ஒரு பள்ளி நல்ல பள்ளியா என்று அளக்க இதுதான் முதல் படி. நம் பக்கத்தில் பெற்றோரே வாத்தியாரிடம் போய், "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்" என்று சொல்லிவிட்டு வருவோம். அன்பாகச் சொல்வதாக நினைப்பு. 2009-ல் வந்து 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, பிள்ளையை அடிக்கவும் கூடாது, மனசு நோகும்படி வதைக்கவும் கூடாது என்கிறது. "உங்கப்பன் மாதிரி நீயும் மூட்டை தூக்கத்தான் லாயக்கு" என்று வகுப்பில் சொல்வதும் இதில் அடங்கும். அந்த வார்த்தையை வீட்டில் நாம் சொன்னாலும் பிள்ளைக்கு வலி ஒன்றுதான்.

சாதிப் பேச்சையும் ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. 2023 ஆகஸ்டில் நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் கூடப் படிக்கிற பையன்களே ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு தமிழ்நாடு அரசு நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டது. 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், பள்ளிப் பெயரில் சாதி வேண்டாம், கையில் கலர் கயிறு வேண்டாம் என்றெல்லாம் சொன்னார்கள். அதே 2023-ல் கரூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண் காலை உணவு சமைத்ததற்காகச் சில பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. கலெக்டரே நேரில் போக வேண்டியிருந்தது. அங்கே பிள்ளைகள் மறுக்கவில்லை, பெரியவர்கள்தான் மறுத்தார்கள். ஒரே பாயில் உட்கார்ந்து சேமிப்புக் கட்டுகிற நாம் இதைக் குழுவில் வெளிப்படையாகப் பேசலாம்.

இனி நம் கையில் இருப்பது. அதே சட்டத்தின் 21-வது பிரிவுப்படி அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். உறுப்பினரில் நாலில் மூணு பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு அவர்கள் அளவுக்குத் தக்க இடம் உண்டு. பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்ப்பது, வளர்ச்சித் திட்டம் போடுவது, வந்த மானியம் எப்படிச் செலவானது என்று கேட்பது எல்லாம் இந்தக் குழுவின் வேலை. தமிழ்நாட்டில் 2022-ல் ஊர் ஊராகப் பெற்றோரைக் கூட்டி 20 பேர் கொண்ட குழுக்களை மறுபடி அமைத்தபோது நிறைய அம்மாக்கள் தலைவி ஆனார்கள்.

நான் போன ஊர்களில் பார்த்தது வேறு மாதிரி. "நீங்க கமிட்டியில இருக்கீங்களா?" என்று கேட்டால், "ஏதோ கையெழுத்து வாங்கிட்டுப் போனாங்க மேடம்" என்பதுதான் பதில். மகளிர் குழுவில் ஐம்பது ரூபாய் குறைந்தாலும் விடாமல் கணக்குக் கேட்கிற அக்காதான் அங்கே எழுதாத பேப்பரில் கையெழுத்துப் போட்டிருப்பார்!

கணக்குக் கேட்க எண் தெரிய வேண்டும். சமக்ர சிக்ஷா விதிப்படி பள்ளிக்கு வருஷ மானியம் பிள்ளைகள் எண்ணிக்கையைப் பொறுத்தது. 31 முதல் 100 பிள்ளை இருந்தால் 25,000 ரூபாய், 250 வரை 50,000, ஆயிரம் வரை 75,000. இதில் பத்தில் ஒரு பங்கு சுத்தம், சுகாதாரத்துக்கு. பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிவறை இருக்கணும் என்று சட்டமே சொல்கிறது. இருந்தும் பூட்டிக் கிடந்தால், தண்ணீர் வராவிட்டால், மாதவிலக்கு நாளில் பிள்ளை வீட்டிலேயே தங்கிவிடும். மேலே சொன்ன 75 சதவீதக் கணக்கு அங்கேயும் அடி வாங்கும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஊக்குநர் இந்தப் பாடத்தை உரக்கப் படிக்கவும். நம் குழுவில் யார் யார் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது கூட்டம் நடந்தது, பெண் பிள்ளைகள் கழிவறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டுத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். யாருமே இல்லை என்றால் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, தலைமை ஆசிரியரைப் பார்க்க அனுப்புங்கள். ஒருத்தர் மட்டும் தனியாகப் போக வேண்டாம், சண்டைக்கும் போக வேண்டாம். நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். அவர் சொன்னதை அங்கேயே எழுதி, தேதி போட்டுக்கொண்டு வாருங்கள். கூட்டமைப்புக் கூட்டத்துக்கு அந்த நோட்டு வரட்டும்.