இலைக்கட்டுக்கு எத்தனை சி.சி. வேண்டும்?

கேள்வி: வில்லியனூரிலிருந்து தினமும் விடியற்காலை நாலு மணிக்கு வாழை இலைக்கட்டு ஏற்றிக்கொண்டு சைக்கிளில் பெரிய மார்க்கெட்டுக்கு வருகிறேன். போக வர இருபது கிலோமீட்டர். வயது 54. முட்டி வலி. பழைய சைக்கிளை விடவும் மனசில்லை. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் ஒருவர் ‘80 சி.சி. கிட்’ ஒன்றைக் காட்டி, அரை நாளில் மாட்டித் தருகிறேன் என்றார். பக்கத்துக் கடைக்காரரோ புல் வெட்டும் மெஷினின் எஞ்சினே போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
— இலை வியாபாரி, வில்லியனூர்

பதில்: பக்கத்துக் கடைக்காரர் பேச்சைக் கேளுங்கள். அவர் விளையாட்டாகச் சொல்லியிருந்தாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

முதலில் சட்டம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 2(28), எது மோட்டார் வாகனம் என்று வரையறுக்கிறது. நாலு சக்கரத்துக்குக் குறைவாக உள்ள வண்டியில் 25 சி.சி.க்கு மேற்படாத எஞ்சின் இருந்தால், அது அந்தக் கணக்கில் வராது. அதைத் தாண்டினால் பதிவு எண், இன்சூரன்ஸ், லைசென்ஸ் எல்லாம் வேண்டும். வீட்டில் எஞ்சின் மாட்டிய சைக்கிளுக்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிவு கிடைக்காது. நெல்லித்தோப்புப் பக்கம் யாரையாவது இடித்துவிட்டால் நஷ்ட ஈடு உங்கள் கைப்பணம். சந்தைக்காரர் இதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டார். அவர் சொன்ன 80-ம் பெரும்பாலும் 80 இல்லை. இந்தக் கிட்களில் சிலிண்டர் விட்டம் 47 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 38. பெருக்கிப் பார்த்தால் 66 சி.சி.தான் வருகிறது.

சரி, 25 சி.சி. இழுக்குமா? கணக்குப் போடுவோம். நீங்கள் 60 கிலோ, இலை 40, எஞ்சினோடு சைக்கிள் 25. ஆக 125 கிலோ. காற்று எதிர்க்காத சமதரையில் மணிக்கு இருபது கிலோமீட்டர் போக ஏறக்குறைய 150 வாட் போதும். ஒரு குதிரைசக்தியில் ஐந்தில் ஒரு பங்கு! உங்கள் வழியில் ஏற்றம் என்று சொல்ல அரும்பார்த்தபுரம் ரயில்வே மேம்பாலம் ஒன்றுதான். நூறு அடிக்கு நாலடி ஏறுகிறது என்று வைத்தாலும், பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் 300 வாட்டுக்குள் முடிந்துவிடும். புல் வெட்டும் மெஷினில், அதாவது பிரஷ் கட்டரில் வரும் ஹோண்டா ஜி.எக்ஸ்.25 எஞ்சின் மூன்று கிலோகூட இல்லை. ஆனால் 7000 சுற்றில் 720 வாட் தருகிறது. ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் பெட்ரோலில் ஆயில் கலக்கும் வேலை இல்லை, புகை இல்லை. விடியற்காலையில் தெருவையே எழுப்பாது.

அப்படியென்றால் இப்படி மாட்டியவர்கள் பலர் ஏன் ஏமாந்துபோகிறார்கள்? சக்தி குறைவால் இல்லை, பல்சக்கரக் கணக்குத் தப்பியதால்தான். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். உங்கள் 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர் ஓடும். மணிக்கு 25 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 190 சுற்று. எஞ்சினோ 6000 சுற்றில் இருந்தால்தான் உயிரோடு இருக்கும். ஆக எஞ்சின் 32 தடவை சுற்ற, சக்கரம் ஒரு தடவை சுற்ற வேண்டும். ஒரே செயினில் இவ்வளவு குறைப்பு வராது. நடுவில் ஒரு சின்ன கியர்பாக்ஸோ இரண்டாவது பல்சக்கர ஜோடியோ வேண்டும். அதை விட்டுவிட்டு 15-க்கு ஒன்று என்று மாட்டினால், பாரத்தோடு கிளம்பும்போது கிளட்ச் பிடிக்காமல் வழுக்கி, சூடேறி, ஒரு மாதத்தில் கருகிவிடும். லேத் பட்டறைக்காரரிடம் ‘எத்தனை சி.சி.’ என்று கேட்காதீர்கள். ‘எத்தனைக்கு ஒன்று’ என்று கேளுங்கள். சரியாக மாட்டினாலும் கிளம்பும்போதும் பாலம் ஏறும்போதும் கொஞ்சம் மிதிக்கத்தான் வேண்டும். முட்டி அதைத் தாங்கும்.

டயர்மேல் உருளை உரசி ஓட்டும் வகையும் உண்டு. பிரெஞ்சுக்காரர்களின் வெலோசொலெக்ஸ் 1946 முதல் அப்படித்தான் ஓடியது, முன்சக்கரத்தின் தலையில் எஞ்சினை உட்கார வைத்து. அழகான வண்டிதான். ஆனால் மழை பெய்தால் உருளை வழுக்கும். ஐப்பசி மழையில் இலை கொண்டுவரும் உங்களுக்கு அது சரிப்படாது. போக்ஸ் கம்பிகளுக்கு நடுவே ரப்பர் வைத்துப் பல்சக்கரத்தை இறுக்கும் மலிவு கிட்டும் வேண்டாம். உங்கள் பின்சக்கரத்தில் 40 கம்பி இருக்கலாம். ஆனால் அவை எஞ்சின் இழுப்பைப் பக்கவாட்டில் தாங்கச் செய்தவை அல்ல, ஒவ்வொன்றாக முறியும்.

பிரேக்கைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நான் சொல்லாமல் விட மாட்டேன். வேகம் இரண்டு மடங்கானால் நிற்க ஆகும் தூரம் நாலு மடங்கு. நனைந்த இரும்பு ரிம்மில் கம்பி பிரேக் பாதி நேரம் பிடிக்கவே பிடிக்காது. எஞ்சினுக்குக் கொடுக்கும் காசில் முதல் பங்கை முன்சக்கர டிரம் பிரேக்குக்குக் கொடுங்கள்.

பேட்டரி சைக்கிள் வாங்கலாமே என்று உங்கள் பிள்ளைகள் சொல்லக்கூடும். 250 வாட்டுக்குள், 25 கிலோமீட்டர் வேகத்துக்குள், சான்றிதழோடு வரும் சைக்கிளுக்குப் பதிவு தேவையில்லை. கூடவே மிதித்தால், 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரியே உங்கள் இருபது கிலோமீட்டருக்குப் போதும். சார்ஜ் ஏற்ற அரை யூனிட் கரண்ட்கூட ஆகாது. முட்டிக்கும் அதுதான் சுகம். ஆனால் கடையில் விற்கும் பலவற்றின் கேரியர் இலைக்கட்டைத் தாங்காது. உங்கள் பழைய சைக்கிளின் கேரியர்தான் இரும்பு.

பாரம் அறுபது கிலோவைத் தாண்டும் நாள் வந்தால் இரண்டையும் விட்டுவிடுங்கள். 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது இப்படிப்பட்ட வியாபாரிகளின் பாரத்தைச் சுமக்கத்தான் என்று நினைக்கத் தோன்றும். அதன் வாரிசான எக்ஸ்.எல்.100 ஒன்றைப் பழையதாக, ஆர்.சி. புத்தகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அதுவரை 25 சி.சி. ஃபோர் ஸ்ட்ரோக்கே போதும். ஒன்றே ஒன்று: பிரஷ் கட்டர்களில் 25.4, 26, 35.8 என்றும் எஞ்சின் உண்டு. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். தகட்டில் இருக்கும் எண்ணைப் படித்துப் பார்க்காமல் காசை எடுக்காதீர்கள்.