ஒரு பைல் தேறினால் போதுமா?

பைல் எனப்படும் கான்கிரீட் தூண்களை நிலத்துக்குள் இறக்கி, அவற்றின் தலைகளைப் பைல் கேப் என்னும் கனத்த கான்கிரீட் திண்டால் பிணைத்துக் கட்டும் இடங்களில், ஒரு பைல் சுமைச் சோதனையில் தேறிவிட்டால் பைல் கூட்டம் முழுவதும் அதே அளவுதான் அமிழும் என்ற நம்பிக்கை கட்டட உரிமையாளர்களிடம் மட்டுமன்றிச் சில பொறியாளர்களிடமும் காணப்படுகிறது.

பைல் தாங்கவேண்டிய வேலைச் சுமையைப் போல் ஒன்றரை மடங்கை ஜாக் வைத்து ஏற்றி, அமிழ்வைக் காட்டும் டயல் கேஜ் முள் 12 மி.மீ.க்குள் நின்றால் 600 மி.மீ. வரை விட்டமுள்ள பைல் தேறியதாக ஐ.எஸ். 2911 நெறிமுறை கொள்கிறது. ஆனால் தனிப் பைலின் அழுத்தம் அதன் நுனிக்குக் கீழே சிறிது ஆழத்துக்கே எட்டுகிறது. ஒன்பதோ பதினாறோ பைல்கள் சேர்ந்து சுமக்கும்போது அவற்றின் அழுத்தங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, சோதனை தொட்டே பார்க்காத ஆழத்து மண்ணையும் நசுக்குகின்றன. மணலுக்கு மண் பொறியாளர் ஸ்கெம்ப்டன் 1953இல் தந்த சூத்திரப்படி, 3 மீட்டர் அகலக் கூட்டம் தனிப் பைலைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு அமிழும். அதாவது 5 மி.மீ. இறங்கிய பைலின் கூட்டம் 25 மி.மீ. இறங்கும். களிமண்ணிலோ, இடுக்குகளிலுள்ள நீர் வெளியேறி மண் இறுகப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், ஓரிரு நாளில் முடியும் சோதனை அதைக் காட்டவே முடியாது. சான் பிரான்சிஸ்கோவில் 2009இல் திறக்கப்பட்ட 58 மாடி மில்லெனியம் டவரின் பைல்கள் மணல் அடுக்கிலேயே நின்றுவிட, அதன் கீழிருந்த களிமண் இறுகி, 2016க்குள் கட்டடம் சுமார் 40 செ.மீ. அமிழ்ந்தது.

பைல்களைக் கூட்டினால் அமிழ்வு குறையும் என்பதும் அரை உண்மையே. அதே அகலத்துக்குள் நெருக்கி அடுக்குவதைவிட, நீளத்தைக் கூட்டி உறுதியான அடுக்கை எட்டுவதே பெரும்பாலும் பயன் தரும்.

பெங்களூரு பாறை நிலம், அங்கே இந்தக் கவலை வேண்டாம் என்ற பேச்சுக்கு ஓரளவு நியாயம் உண்டு. கெட்டிப் பாறைக்குள் பதிந்த பைல்களில் கூட்ட விளைவு மிகக் குறைவு. எனினும் நைஸ் பாறை சிதைந்து உருவான அந்த மண்ணில் பாறை மட்டம் குறுகிய தூரத்திலேயே ஏறி இறங்குவதால், ஒரே பைல் கேப்பின் ஒரு பக்கம் பாறையிலும் மறுபக்கம் சிதைந்த மண்ணிலும் நிற்க நேரலாம். புதைந்த குண்டுப்பாறையைத் துளைக்கருவி அடிப்பாறையென ஏமாந்து ஏற்பதும் உண்டு. ஏரியைத் தூர்த்த இடங்களும் அங்கே உண்டு: மெஜஸ்டிக் பேருந்து நிலையம் தர்மாம்புதி ஏரி இருந்த இடம். இத்தகைய இடங்களில் நிரப்பிய மண் தானே அமிழும்போது பைலையும் கீழே இழுக்கும், அந்தக் கூடுதல் சுமையும் கணக்கில் வரவேண்டும்.

கணக்கு என்றால், உராய்வால் தாங்கும் பைல்களுக்கு, நீளத்தின் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்தில் பரந்த அடித்தளம் ஒன்று இருப்பதாகக் கற்பித்து, அதன் கீழுள்ள ஒவ்வொரு அடுக்கும் எவ்வளவு நசுங்கும் என்று கூட்டிப் பார்ப்பதே பழகிய வழி. அதற்கு, நிலத்தைத் துளைத்து மண் எடுக்கும்போது பைல் நுனியோடு நிறுத்தாமல், கூட்டத்தின் அகலத்தைப் போல் ஒன்றரை மடங்காவது கீழே போகவேண்டும்.