ஞாயிறு மீனும் வீட்டுப் பூனையும்

பூனைக்குக் கிழமை தெரியாது. மீன் வெட்டும் சத்தம் தெரியும். மட்டக்களப்பு வாவிக்கரை வீடுகளில் ஞாயிறு அமைதியாகக் கழிய:

1. மீன் வெட்டுமுன் பூனைக்குச் சாப்பாடு வையுங்கள். வயிறு நிறைந்தால் கத்திக்கு அருகில் வந்து நிற்காது.

2. குடல், தலையைப் பச்சையாகப் போடாதீர்கள். சில மீன்களில் உள்ள நொதியம் வைட்டமின் பி1 சத்தை அழிக்கும்.

3. அவித்த மீனை முள் நீக்கிக் கொடுங்கள். முள் தொண்டையில் சிக்கும்.

4. சொதி, குழம்பு ஊற்றிய சோறு வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் பூனையின் செங்குழியங்களைச் சிதைக்கும்.

5. பாலுக்குப் பதில் நிழலில் தண்ணீர் வையுங்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றோட்டம் வரும்.

6. மத்தியானம் தூங்கும் பூனையைப் பிள்ளைகள் தட்டி எழுப்ப விடாதீர்கள். நாளில் 12 முதல் 16 மணிநேரத் தூக்கம் அதற்கு இயல்பு, திடுக்கிட்டால் பிறாண்டும்.

7. பொழுதுபடும் நேரத்தில் ஒரு கயிற்றை இழுத்து விளையாட்டுக் காட்டுங்கள். அந்தியில்தான் அதற்குத் துடிப்பு அதிகம். ஓடிக் களைத்தால் இரவில் தொல்லை குறையும்.

கவனம்: பூனை சோர்ந்திருந்தால் பனடோல் கொடுக்க வேண்டாம். ஒரு குளிசையே அதன் உயிரைப் பறிக்கும். ஒரு நாள் முழுவதும் சாப்பிடாவிட்டால் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.