தூங்கிவிட்டு லேக் என்ற மாப்பிள்ளைக்கு

வாலாஜாபாத்,
ஞாயிறு மாலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

போனில் சொன்னால் 'ம்... ம்...' என்று கேட்டுக்கொண்டே வேறெதையாவது தள்ளிக்கொண்டிருப்பாய். அதனால்தான் கடிதம்.

நேற்று காஞ்சிபுரத்தில் படம் முடிந்து டீக்கடையில் நீயும் உன் ரூம் பையன்களும் போட்ட சண்டையைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒருத்தன் 'வேற லெவல்' என்றான். இன்னொருத்தன் முதல் நாள் வசூலை ஒப்பித்தான், ஏதோ அதில் அவனுக்கும் பங்கு வரப்போவதைப்போல. நீ, 'மொத்தமா மொக்கை. செகண்ட் ஹாஃப் செம லேக்' என்றாய். உன் கூட்டாளிகள் எதிரில் வேண்டாமே என்று வாயை மூடிக்கொண்டேன். இப்போது சொல்கிறேன்: இடைவேளை முடிந்து பத்தே நிமிஷத்தில் நீ தூங்கிவிட்டாய். குறட்டை வேறு.

நைட் ஷிப்ட் முடித்து, ஒரகடத்திலிருந்து நேரே வந்து மேட்னி பார்க்கிறவன் தூங்குவதில் தப்பே இல்லை. நானும் அந்த வயதில் எத்தனையோ படங்களைத் தூங்கியே முடித்திருக்கிறேன். தூங்கிவிட்டு லேக் என்றாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உன் அலுப்பு வேறு, படத்தின் இழுவை வேறு. இரண்டில் எது என்று முதலில் உனக்குத் தெரிய வேண்டாமா?

உங்கள் லைனில் ஒரு பீஸ் சரியில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று நீதானே எனக்குச் சொன்னாய்? சிவப்புத் தொட்டியில் போடுவதற்கு முன்னால் டேக் எழுத வேண்டும். எந்த இடத்தில் பிசிறு, எவ்வளவு, எந்த ஆபரேஷனில் வந்தது என்று. டேக்கில் 'மொக்கை பீஸ்' என்று எழுதிக் கொடுத்துப் பார், சூப்பர்வைசர் என்ன சொல்வார் என்று தெரியும். நீங்கள் என்.ஜி. என்கிறீர்களே, ஷூட்டிங்கிலும் தேறாத டேக்கை என்.ஜி. என்றுதான் குறிப்பார்கள். ஒரு பீஸுக்குக் கொடுக்கிற மரியாதையையாவது ஒரு படத்துக்குக் கொடு. எந்தக் காட்சி, அதில் எது தட்டியது என்று சொல். அதற்கப்புறம் திட்டினாலும் சரி, கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் நால்வரில் படம் பார்த்தவன் என்றால் ஒடிசாவிலிருந்து வந்திருக்கிற அந்தப் பையன்தான். கடைசி வரை சும்மா இருந்துவிட்டு, டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது, 'அம்மா எல்லாருக்கும் போட்டாங்க, அவங்க சாப்பிடவே இல்ல அண்ணா' என்றான். நீங்கள் சிரித்தீர்கள். எனக்குச் சுருக்கென்றது. அந்தக் காட்சியில் நான் மகன்களின் வாய்ச்சண்டையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். வசனம் பாதிக்கு மேல் புரியாததால் அவன் கண்ணை வைத்துப் பார்த்திருக்கிறான்.

அப்படிக் கண்ணால் பார்க்கிறவன் என்பதால் இயக்குநர் மகேந்திரனுக்கு அவனைப் பிடித்திருக்கும். அவரே பேசியும் எழுதியும் சினிமாவைக் குறை சொல்லிக்கொண்டிருந்தவர்தான். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் படிக்கும்போது எம்.ஜி.ஆர். வந்திருந்த விழாவில், அவர் முன்னாலேயே, தமிழ்ப் படங்களில் காதலர்கள் ஊர் கேட்க டூயட் பாடுவதைக் கிண்டலடித்துப் பேசினார். வெறுமனே 'டூயட் போர்' என்று சொல்லவில்லை. நிஜத்தில் நாம் காதலித்தால் என்ன பாடுபடுகிறோம், படத்தில் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். எம்.ஜி.ஆருக்குக் கோபம் வரவில்லை, பாராட்டினார். அப்புறம் 'துக்ளக்' பத்திரிகையில் மகேந்திரன் படங்களை அறுத்துப் பார்த்து விமர்சனம் எழுதினார்.

1978 ஆகஸ்ட் 15-ல் அவர் இயக்கிய முதல் படம் 'முள்ளும் மலரும்' வந்தது. ரஜினி அதில் வின்ச் ஆபரேட்டர். மேலதிகாரியான என்ஜினியருக்கும் அவனுக்கும் ஆகாது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் தினம் கம்பெனி பஸ் ஏறுகிற உனக்கு, அந்த உரசலை நான் விளக்க வேண்டியதில்லை. வசனம் குறைவு என்று தயாரிப்பாளருக்கே மனத்தாங்கல். முதல் வாரங்களில் தியேட்டரில் கூட்டமும் இல்லை. பார்த்தவர்கள் வாயால் சொல்லிச் சொல்லித்தான் படம் பிழைத்து, நூறு நாளைத் தாண்டியது.

எனக்குச் சொன்னவர் பக்கத்து வீட்டுத் தறிக்காரர். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. 'சூப்பர்' என்றோ 'நல்ல படம்' என்றோ அவர் சொல்லவில்லை. தறிக்குழியிலிருந்து ஏறி வந்து, தன் சட்டையின் ஒரு பக்கத்திலிருந்து கையை உருவிக்கொண்டு, வெறும் துணியைத் தொங்கவிட்டுக் காட்டினார். 'இப்பிடி வந்து நிக்கறான்டா, தங்கச்சி முன்னால.' அவ்வளவுதான். கை போனால் தறி போச்சு என்று இருக்கிற மனுஷன். வேறு எந்தக் காட்சியும் அவருக்கு அப்படி ஏறியிருக்காது. பிரஸ் மெஷினில் கை வைத்து வேலை செய்கிற நீ பார்த்தாலும் உனக்கும் அங்கேதான் உறைக்கும் என்று நினைக்கிறேன். முடிவு என்ன ஆச்சு என்று கேட்டேன். 'போய்ப் பாரு' என்று குழிக்குள் இறங்கிவிட்டார். ஆகவே நானும் உனக்கு முடிவைச் சொல்லப்போவதில்லை.

மார்க் போடுவதில் எனக்கு விரோதமில்லை. 'ஆனந்த விகடன்' அந்தப் படத்துக்கு 61 போட்டது. அதற்கு முந்தின வருஷம் '16 வயதினிலே' வாங்கிய 62.5-தான் அவர்கள் கொடுத்ததில் அதிகம். அந்த ஒன்றரை மார்க் வித்தியாசம் எந்தக் காட்சிக்கு என்று இன்றுவரை எனக்குள் வழக்கு நடக்கிறது. ஆனால் மார்க்குக்கு மேலே ஒரு பக்க விமர்சனம் இருக்கும். நீங்கள் விமர்சனத்தை விட்டுவிட்டு மார்க்கை மட்டும் வைத்துக்கொண்டீர்கள்.

பிடிக்காததைச் சொல்லாதே என்று நான் சொல்லவில்லை. 2024 நவம்பரில் தயாரிப்பாளர் சங்கம், தியேட்டர் வாசலில் மைக் நீட்டி விமர்சனம் வாங்குவதை நிறுத்தச் சொன்னது. மறுமாதம் விமர்சனத்துக்குத் தடை கேட்டுப் போனவர்களுக்கு சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. சரியான முடிவுதான். டிக்கெட் வாங்கியவனுக்கு வாய் உண்டு. விழித்திருந்தானா என்பதை மட்டும் கோர்ட்டு பார்க்க முடியாது.

அடுத்த ஆஃப் எப்போது என்று சொல். நைட் ஷிப்ட் வாரமாக இருக்கக்கூடாது. வீட்டிலேயே 'முள்ளும் மலரும்' போடுகிறேன். அந்த ஒடிசா பையனையும் கூட்டி வா. அவனுக்கு நடுநடுவே தமிழை விளக்கிச் சொல்லாதே, அவன் பாட்டுக்குப் பார்க்கட்டும்.

அன்புடன்,
மாமா

பி.கு.: குறட்டையை உங்கம்மாவிடம் சொல்லவில்லை. 'பையன் படத்தில் ஆழ்ந்துபோய்விட்டான்' என்றுதான் சொல்லியிருக்கிறேன்.